காவிரிப் படுகையின் இளவேனில் உலாக்கள்: திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு வட்டாரம்

காவிரிப் படுகையின் இளவேனில் உலாக்கள் என்பது தஞ்சாவூர் மாவட்டத்திலும் அதைச் சூழ்ந்த நெல் வயற்பகுதிகளிலும் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் மக்கள் கூட்டமாக வெளியே சென்று மேற்கொண்ட விழாக்கள், நடைப்பயணங்கள், ஆற்றுமணல் விருந்துகள், விளையாட்டுகள், ஊர்ப்பொது வேலைகள் ஆகியவற்றைக் குறிக்கும். சம்பா அறுவடை முடிந்து, ஆற்றில் நீர் நின்று, அடுத்த சாகுபடி தொடங்கும் வரையிலான இடைவெளியே இவற்றுக்குரிய காலம். ஆடிப்பெருக்கு நீர் வந்ததைக் கொண்டாடும் விழா. இளவேனில் உலாக்கள் நீர் இல்லாத ஆற்றைப் பயன்படுத்திக்கொண்ட விழாக்கள். படுகையின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இவ்விரண்டும் தேவைப்படுகின்றன.

நிலமும் நீரும்

திருக்காட்டுப்பள்ளி தஞ்சாவூர் மாவட்டம் பூதலூர் வட்டத்தில் காவிரியின் தென்கரையில் அமைந்த பேரூர். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். மயிலாடுதுறை மாவட்டத் திருவெண்காட்டுக்கு அருகே இதே பெயரில் இன்னொரு தலம் இருப்பதால் இது மேலைத் திருக்காட்டுப்பள்ளி என்றும், அது கீழைத் திருக்காட்டுப்பள்ளி என்றும் வழங்கப்படுகின்றன. இங்குள்ள கோயிலின் இறைவன் அக்கினீசுவரர்; தீயாடியப்பர் என்ற தமிழ்ப் பெயரும் அவருக்கு உண்டு.

ஊருக்கு மேற்கே கல்லணை இருக்கிறது. அங்கே காவிரி நீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என நான்காகப் பிரிகிறது. காவிரியிலிருந்து குடமுருட்டி ஆறு பிரியும் இடம் திருக்காட்டுப்பள்ளி. இங்கிருந்து கிழக்கே செல்லச் செல்ல ஆறுகள் ஒன்றையொன்று நெருங்கி ஓடுகின்றன. காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என ஐந்து ஆறுகள் பாயும் பகுதி என்பதால் திருவையாறு அப்பெயர் பெற்றது என்பர்.

இந்நில அமைப்பில் பக்கத்து ஊருக்குப் போவதற்கும் ஆற்றைக் கடக்க வேண்டும். பாலங்கள் பெருகுவதற்கு முன், நீர் ஓடும் மாதங்களில் அக்கரைக்குப் போக ஓடமோ பரிசலோ வேண்டியிருந்தது. நீர் வற்றிய மாதங்களில் மணலில் இறங்கி நடந்தே கடக்கலாம். எனவே படுகையில் ஊர்கள் ஒன்றையொன்று எளிதில் சென்று கண்ட காலம் வேனிலே.

பருவக் கணக்கு

தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கிறது. ஆவணியும் புரட்டாசியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில். மாமரம் தளிர்ப்பதும், வேம்பு பூப்பதும், இலுப்பைப் பூ உதிர்வதும் இளவேனிலின் அடையாளங்கள்.

உழவர் கணக்கு இதிலிருந்து சற்று வேறுபடும். குறுவை ஆனியில் தொடங்கிப் புரட்டாசி வாக்கில் முடியும். சம்பா ஆவணியில் தொடங்கித் தையில் அறுவடையாகும். குறுவைக்குப் பின் அதே வயலில் நடும் தாளடி மாசி வரை நிற்கும். சம்பா அறுவடைக்குச் சில நாட்கள் முன்பாக, நிற்கும் பயிரினூடே உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பது படுகையின் வழக்கம். மண்ணில் மீந்த ஈரத்தையும் பனியையும் கொண்டே விளையும் இப்பயிர் பங்குனி, சித்திரையில் பறிப்புக்கு வரும். அதன்பின் வயல் வெறுமையாகிவிடும். அடுத்த நீர் வரும் வரை இரண்டு மாத இடைவெளி உண்டு. விழாக்களும் உலாக்களும் இந்த இடைவெளியில் அடுக்கடுக்காக வருகின்றன.

பண்டைய இலக்கியச் சான்றுகள்

காவிரி கடலோடு கலக்கும் புகார் நகரில் சித்திரை முழுநிலவையொட்டி இந்திர விழா நடந்ததைச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் விவரிக்கின்றன. விழா 28 நாட்கள் நீடித்தது என்கிறது மணிமேகலை. விழா தொடங்குவதை யானை மேலிருந்து முரசறைந்து அறிவித்த வள்ளுவன், வீதிகளில் புதுமணல் பரப்பச் சொன்ன செய்தியும் அதில் உள்ளது. அம்மணல் எங்கிருந்து வந்தது என்று நூல் சொல்லவில்லை. எனினும் ஆற்றுப் படுகையில் வேனில் விழாவுக்கும் மணலுக்கும் உள்ள உறவை அது காட்டுகிறது.

விழா முடிந்த பின் நகர மக்கள் கடற்கரைக்குச் செல்வது சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் வருகிறது. கோவலன் கோவேறு கழுதை மீதும், மாதவி வண்டியிலும் செல்கின்றனர். கானலில் யாழிசைத்துப் பாடும்போதே இருவருக்கும் பிரிவு நேர்கிறது. காப்பியத்தின் போக்கை மாற்றிய அந்நிகழ்ச்சி ஓர் இளவேனில் உலாவில் நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது. இந்திர விழாவை நடத்தத் தவறியதால் புகாரைக் கடல் கொண்டது என்பது மணிமேகலை கூறும் கதை.

புதுப்புனல் விழா இதற்கு முற்றிலும் வேறானது. காவிரியின் கழார்த் துறையில் நடந்த நீர்விழாவில் ஆடிய ஆட்டனத்தியை ஆறு அடித்துச் சென்றதையும், ஆதிமந்தி அவனைத் தேடி அலைந்ததையும் அகநானூற்றில் பரணர் குறிப்பிடுகிறார். பரிபாடலின் வையைப் பாடல்களிலும் பெருக்கெடுத்த ஆற்றில் மக்கள் ஆடும் காட்சிகள் உள்ளன. ஆக, பெருக்கில் ஆடுவதும் வறண்ட வேனிலில் உலாப் போவதும் ஆகிய இரு மரபுகளும் பழமையானவை.

சோழர் காலமும் அதன் பின்னும்

சோழர் காலத்தில் கோயில் விழாக்கள் கல்வெட்டில் பதியப்பட்டு, நிலமும் நெல்லும் ஒதுக்கப்பட்டு நிலைபெற்றன. இரண்டாம் இராசேந்திரன் (1052–1064) காலத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று, வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடும் சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் வழங்க ஏற்பாடு செய்ததைக் கூறுகிறது. களம் நிறைந்து, கை ஓய்ந்திருக்கும் வைகாசியில் நாடகம் பார்க்கக் கூட்டம் கூடியிருக்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

பிற்காலக் கோயில்களில் வசந்த உற்சவத்துக்கென்றே வசந்த மண்டபங்கள் எழுந்தன. நடுவில் மேடை, சுற்றிலும் நீர் நிரப்பும் சிறு அகழி என்பது இவற்றின் பொது அமைப்பு. வெப்பம் தணிய இறைவனை அங்கே எழுந்தருளச் செய்வர். ஆற்றில் நீர் இல்லாத மாதங்களில் கோயிலுக்குள் நீரைத் தேக்கி அதன் நடுவே விழா எடுத்தனர்.

மராட்டியர் ஆட்சி (1676–1855) தஞ்சையின் வேனில் கொண்டாட்டங்களுக்குப் புதிய வடிவங்களைத் தந்தது. மாசி மாதத்தில் காமன் பண்டிகை கொண்டாடுவது படுகை ஊர்களில் பரவலாக உள்ளது. மன்மதனைச் சிவன் எரித்த தலமாகக் கருதப்படும் திருக்குறுக்கை வீரட்டம் மயிலாடுதுறைக்கு அருகில் இருப்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம். மராட்டியர் வழி வந்த லாவணி இப்பண்டிகையோடு கலந்தது. காமன் எரிந்தான் என்று வாதிடும் எரிந்த கட்சியும், எரியவில்லை என்று மறுக்கும் எரியாத கட்சியும் விடிய விடியப் பாட்டிலேயே வாதிடுவார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டி வந்து கேட்பது வழக்கமாக இருந்தது.

இரண்டாம் சரபோசி (1798–1832) மீது கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயில் விழாவில் ஆடப்பட்டது. தலைவி தோழியரோடு வெளியே வந்து பந்தாடுவதும், தென்றலையும் நிலவையும் பழிப்பதும் குறவஞ்சி நாடகங்களின் இலக்கணம். அவையும் வேனில் உலாவின் சாயல்களே. வைகாசியில் நரசிம்ம செயந்தியையொட்டி மெலட்டூரில் இரவு முழுவதும் நடைபெறும் பாகவத மேளாவும் இக்காலத்திலேயே தழைத்தது. அங்கு ஆடப்படும் தெலுங்கு நாடகங்களை இயற்றியவர் மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி.

நந்தி திருமணமும் ஏழூர் உலாவும்

படுகையின் இளவேனில் உலாக்களில் பெரியது திருவையாற்று ஏழூர் விழா. சப்தத்தானம் என்றும் இதை அழைப்பர். இதன் கதை பங்குனியில் தொடங்குகிறது. சிலாத முனிவரின் மகனான நந்திக்கும் வியாக்கிரபாதரின் மகள் சுயசாம்பிகைக்கும் கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடியில் பங்குனிப் புனர்பூசத்தன்று திருமணம் நடைபெறும். திருவையாற்றிலிருந்து ஐயாறப்பர் மாப்பிள்ளையோடு புறப்பட்டுச் செல்வார். நந்தி கலியாணத்தைப் பார்த்தவருக்கு முந்திக் கலியாணம் ஆகும் என்பது இவ்வட்டாரச் சொலவடை. அதனால் மணமாகாத இளையோரும் அவர்களின் பெற்றோரும் இவ்விழாவுக்குத் தவறாமல் செல்வர். பல குடும்பங்களுக்குப் பெண் பார்க்கவும் பிள்ளை பார்க்கவும் இது வாய்ப்பாகவும் அமைந்தது.

சித்திரை முழுநிலவை ஒட்டி வரும் விசாக நாளில் ஏழூர் உலா புறப்படுகிறது. ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் கண்ணாடிப் பல்லக்கிலும், நந்தியும் சுயசாம்பிகையும் வெட்டிவேர்ப் பல்லக்கிலும் எழுந்தருள்வர். திருவையாற்றிலிருந்து திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் ஆகிய ஊர்களுக்குப் பல்லக்குகள் செல்கின்றன. திருநெய்த்தானம் இன்று தில்லைத்தானம் என வழங்குகிறது. ஒவ்வோர் ஊர் இறைவனும் தன் பல்லக்கில் வந்து எதிர்கொண்டு உடன் சேர்ந்துகொள்வார். மறுநாள் ஏழு பல்லக்குகளும் திருவையாற்றில் கூடும்போது பொம்மை பூப்போடும் நிகழ்ச்சியோடு விழா நிறைவடைகிறது.

நந்தி திருமணத்துக்கு இந்த ஊர்கள் சீர் கொடுத்தன என்பது மக்கள் சொல்லும் கதை. திருப்பழனம் பழமும், திருச்சோற்றுத்துறை சோறும், திருவேதிகுடி வேதியரையும், திருக்கண்டியூர் அணிகலனும், திருப்பூந்துருத்தி பூவும், திருநெய்த்தானம் நெய்யும் அளித்தனவாம். ஊர்ப் பெயர்களைக் கொண்டே கதை கட்டப்பட்டிருப்பது தெளிவு. ஆனால் இதற்குள் ஒரு சமூக உண்மை இருக்கிறது. ஒரு கலியாணத்துக்கு அண்டை ஊர்கள் ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து கொடுப்பது போலவே, இந்த விழாவையும் ஏழு ஊரார் பகிர்ந்து நடத்துகின்றனர்.

உலாவின் வழித்தடத்தை நோக்கினால் ஆற்றின் பங்கு புரியும். திருவையாறும் திருப்பழனமும் திருநெய்த்தானமும் காவிரியின் வடபுறத்தில் உள்ளன. மற்ற நான்கும் தென்புறத்தில் இருக்கின்றன. இடையே காவிரியையும் குடமுருட்டியையும் போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை கடந்தாக வேண்டும். பல்லக்கைத் தோளில் சுமந்து நாளெல்லாம் நடக்கும் இவ்விழா, ஆறு வறண்டிருக்கும் சித்திரையில் அமைந்தது பொருத்தமே. திருக்காட்டுப்பள்ளியில் பிரியும் குடமுருட்டியில் நீர் ஓடிக்கொண்டிருந்தால் இவ்வுலா இந்த வடிவில் உருவாகியிருக்க வழியில்லை.

வழிநெடுக நீர்மோர், பானகம், தயிர்ச்சோறு, விசிறி ஆகியவற்றைத் தண்ணீர்ப் பந்தல் அமைத்து வழங்குவர். பல்லக்கின் பின்னே நடந்தே ஏழூரும் சுற்றி வருவோர் உண்டு. மணமாகி வேற்றூர் போன பெண்கள் இவ்விழாவுக்குத் தாய்வீடு திரும்புவது நெடுநாளைய வழக்கம்.

இதைப் போன்ற பல்லக்கு உலாக்கள் கும்பகோணம், மயிலாடுதுறை, அய்யம்பேட்டை சக்கரப்பள்ளி, தஞ்சாவூர் கரந்தை ஆகிய இடங்களிலும் உள்ளன. தஞ்சையில் வைகாசியில் நடக்கும் முத்துப் பல்லக்கும், 24 பெருமாள்கள் கூடும் கருட சேவையும் நகரத்துக்குரிய வேனில் விழாக்கள்.

அம்மன் விழாக்களும் பூண்டி மாதா திருவிழாவும்

வெயில் ஏறும் மாதங்கள் அம்மை நோயின் மாதங்களாகவும் இருந்தன. எனவே மாரியம்மன் விழாக்கள் மாசி முதல் வைகாசி வரை பரவிக் கிடக்கின்றன. சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதல் தொடங்குகிறது. அன்று முதல் 28 நாட்கள் அம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக ஐதிகம். சித்திரைத் தேருக்குத் தஞ்சை, திருச்சி மாவட்ட ஊர்களிலிருந்து மஞ்சள் ஆடை உடுத்திய மக்கள் கூட்டம் கூட்டமாக நடந்து செல்வர். வலங்கைமானில் பங்குனியில் பாடைக் காவடி எடுக்கப்படுகிறது. நோயிலிருந்து பிழைத்தவரைப் பாடையில் கிடத்திக் கோயிலுக்குத் தூக்கிவரும் நேர்த்திக்கடன் அது.

திருக்காட்டுப்பள்ளிக்கு அருகிலுள்ள அலமேலுபுரம் பூண்டியில் மாதா பேராலயம் உள்ளது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீரமாமுனிவர் இங்கு முதல் கோயிலை எழுப்பினார் என்பது மரபு. 1999-இல் இது பேராலய நிலைக்கு உயர்த்தப்பட்டது. மே மாதத்தில் நடைபெறும் ஆண்டுத் திருவிழாவில் அலங்காரத் தேர்பவனி முதன்மை நிகழ்ச்சி. பல ஊர்களிலிருந்து வரும் யாத்திரிகர் கோயில் வளாகத்தில் தங்கிச் சமைத்து உண்பர். கிறித்தவரல்லாதோரும் நேர்ச்சையோடு வருவது இவ்விடத்தின் இயல்பு. சித்திரை, வைகாசியில் ஊரைவிட்டுக் கிளம்பிக் கூட்டமாக நடப்பது இப்பகுதியில் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான பழக்கமாக இருந்திருக்கிறது.

வயலிலும் மணலிலும்

விழாவுக்கு வெளியே அன்றாட வாழ்விலும் இளவேனிலுக்கென்று தனிச் செயல்கள் இருந்தன.

நல்லேர் பூட்டுதல்: சித்திரை முதல் நாளிலோ அதையடுத்த நல்ல நாளிலோ ஏரையும் மாட்டையும் மஞ்சள், குங்குமம், பூ இட்டு அலங்கரித்து வயலில் முதல் உழவு ஓட்டுவர். சில ஊர்களில் இதைப் பொன்னேர் என்பர். ஊரார் யாவரும் தத்தம் ஏரோடு ஒரே வயலில் இறங்கி உழுவது இதன் சிறப்பு. அன்று வீடுகளில் வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் சேர்த்த பச்சடி செய்வார்கள்.

நிலாச்சோறு: சித்திரை முழுநிலவன்று ஆற்று மணலில் கூடிக் கட்டுச்சோறு உண்பது. புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு, வடாம் ஆகியன இதற்குரியவை. பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து வீட்டின் மூத்த பெண் உருட்டிக் கையில் வைப்பாள். காவிரி மணல் பகலில் சுடும்; இரவில் விரைவில் குளிர்ந்துவிடும். அதுவே அப்பருவத்தில் ஊரின் குளிர்ந்த படுக்கை. கோடை இரவுகளில் ஆண்கள் மணல் திட்டிலேயே உறங்குவதும் உண்டு.

ஊற்று: நீர் நின்ற ஆற்றில் மணலைத் தோண்டினால் சில அடிகளிலேயே தெளிந்த நீர் ஊறும். பெண்கள் காலையிலும் மாலையிலும் குடத்தோடு ஊற்றுக்குச் சென்று, கொட்டாங்கச்சியாலோ சொம்பாலோ மொண்டு நிரப்புவர். வீட்டுக்கு வெளியே அவர்கள் ஒன்றாகப் பேசியிருக்க வாய்த்த நேரம் அது.

விளையாட்டு: கபடி, கிளித்தட்டு, கிட்டிப்புள், பச்சைக்குதிரை ஆகியவற்றுக்கு ஆறும் அறுத்த வயலும் ஆடுகளம். விழுந்தாலும் அடிபடாத மணல் கபடிக்கு ஏற்றது. நுங்கு தின்ற பின் மீந்த இரு கோந்தைகளை ஒரு குச்சியால் இணைத்து, கவைக்கம்பால் தள்ளி ஓட்டும் நுங்கு வண்டி சிறுவரின் சித்திரை மாதத் தேர்.

மீன்பிடி: வாய்க்காலும் குட்டையும் வற்றும்போது எஞ்சிய மடுக்களில் மீன் ஒதுங்கும். சேற்றில் இறங்கி ஊத்தாவாலும் வெறுங்கையாலும் விராலும் கெளுத்தியும் பிடிப்பர்.

வெளியூரார் வரவு: அறுத்த வயல்களில் கிடை போட இராமநாதபுரம் பகுதிக் கீதாரிகள் ஆட்டு மந்தைகளோடு வருவார்கள். வயலுக்கு எரு கிடைக்கும். ஆட்டுக்கு மேய்ச்சல் கிடைக்கும். உதிர்ந்த நெல்லைத் தின்னும் வாத்துக் கூட்டங்களையும் வயல் வயலாக மேய்த்துச் செல்வர். நீர் வருவதற்கு முன் இவர்கள் தங்கள் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள்.

தூர் வாருதல்: ஆற்று நீர் வருமுன் வாய்க்கால்களைச் சீர்செய்வது ஊர்ப் பொதுவேலை. குடிமராமத்து எனப்பட்ட இவ்வேலைக்கு நிலத்தின் அளவுக்கேற்ப ஆள் அனுப்ப வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியில் 1858-இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட கட்டாய உழைப்புச் சட்டம் இதைச் சட்டக் கடமையாகவும் ஆக்கியது.

யாருக்கு ஓய்வு, யாருக்குப் பஞ்சம்

இளவேனிலை ஓய்வின் காலமாக நினைவுகூர்வோர் பெரும்பாலும் நிலம் வைத்திருந்தோரும் குத்தகை உழவருமே. வயலில் வேலை இல்லாத மாதங்கள் கூலிக்கு உழைப்பவருக்குச் சோறு குறையும் மாதங்கள். அறுவடையில் கிடைத்த கூலி நெல் பங்குனியில் தீர்ந்துவிட்டால், அடுத்த நடவு வரை கடனையோ நத்தை, நண்டு, வயல் எலி, கீரை ஆகியவற்றையோ நம்பியிருக்க வேண்டும். எலி வளையை வெட்டினால் கறியோடு, எலி சேர்த்துவைத்த நெற்கதிரும் கிடைக்கும். நிலவுடைமையாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருந்த மீன்பிடி, சேரிப் பிள்ளைகளுக்கு அன்றைய உணவு.

பண்ணையாட்களுக்கு விருப்பம்போல் ஊரைவிட்டுச் செல்லும் உரிமையும் இருக்கவில்லை. தூர் வாரும் வேலைக்கு நிலக்காரர் அனுப்பிய ஆட்களும் பெரும்பாலும் இவர்களே. விழாக்களில் பறை அடிப்பதும் பந்தம் பிடிப்பதும் இவர்கள் கடமையாக இருக்க, கோயிலுக்குள் நுழையத் தடை இருந்தது. 1939-இல் தஞ்சை அரண்மனைத் தேவத்தானத்தைச் சேர்ந்த பெரிய கோயில் உள்ளிட்ட கோயில்கள் எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிடப்பட்டன. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணம் முழுவதற்கும் இவ்வுரிமையை விரித்தது. விவசாயத் தொழிலாளர் போராட்டங்களின் விளைவாக 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேலையிலிருந்து காரணமின்றி நீக்குவதை அது கட்டுப்படுத்தியது, கூலியை வரையறுத்தது. ஏழூர் விழாவை எல்லோருக்கும் பொதுவான விழா என்று இன்று சொல்ல முடிவதற்குப் பின்னால் இந்த வரலாறு உள்ளது.

மேட்டூர் அணைக்குப் பின்

1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது படுகையின் பருவக் கணக்கில் பெரிய திருப்பம். அதுவரை ஆற்றின் வறட்சியும் பெருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழையைப் பொறுத்திருந்தன. அணை வந்தபின் சூன் 12-இல் திறப்பு, சனவரி 28-இல் அடைப்பு என்ற நாட்காட்டி ஏற்பட்டது. ஆறு வறண்டு கிடக்கும் காலமும் இதனால் வரையறுக்கப்பட்டது. அதே ஆண்டு செயல்படத் தொடங்கிய கல்லணைக் கால்வாய் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பகுதிகளின் மேட்டு நிலங்களுக்கும் நீர் கொண்டுசென்றது.

கல்லணையும் திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தின் வேனில் சுற்றுலா இடமாக மாறியது. கரிகாலன் கட்டியதாகக் கருதப்படும் இவ்வணையைக் காணப் பள்ளிப் பிள்ளைகள் அழைத்துச் செல்லப்பட்டனர். கல்வியாளரும் வழக்கறிஞருமான பி. எஸ். சிவசாமி ஐயர் (1864–1946) இவ்வட்டாரத்துக்காரர். அவர் பெயர் தாங்கிய பள்ளி திருக்காட்டுப்பள்ளியில் இயங்குகிறது. பள்ளிகள் பரவியபின் வேனில் உலாவின் காலத்தை உழவர் கணக்கோடு தேர்வு நாட்களும் கோடை விடுமுறையும் சேர்ந்து தீர்மானித்தன. பங்குனி விழாக்கள் தேர்வுக் காலத்தில் வருவதால் அவற்றில் மாணவர் பங்கேற்பு குறைந்தது.

காவிரி நீர்ப் பங்கீட்டுச் சிக்கல் முற்றியபின் சூன் 12 என்ற நாளும் உறுதியற்றதாயிற்று. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் அணையைத் திறக்க இயலவில்லை. 2020-இல் உரிய நாளில் திறக்கப்பட்டது. 2022-இல் மே 24 அன்றே, அதாவது வைகாசியிலேயே, நீர் திறந்துவிடப்பட்டது. வறண்ட காலம் சில ஆண்டுகளில் நீள்வதும் சில ஆண்டுகளில் சுருங்குவதுமாக இருக்கிறது.

மணலும் சாலையும்

வேனில் உலாக்களின் அடித்தளம் ஆற்று மணல். கட்டுமானத் தேவை பெருகியபின் காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் பெருமளவில் அள்ளப்பட்டது. 2003 முதல் மணல் குவாரிகளை மாநில அரசே நடத்துகிறது. முறையான குவாரிகளுக்கு வெளியேயும் மணல் அள்ளப்படுவதாக உழவர் அமைப்புகள் நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருகின்றன. மணல் போன இடத்தில் ஆற்றுப் படுகை தாழ்கிறது, களிமண் வெளிப்படுகிறது, நாணலும் சீமைக் கருவேலும் மண்டுகின்றன. மணலில் தங்கும் நீர் குறைவதால் ஊற்று தோண்டுவதும் பயனற்றுப் போகிறது. கைப்பம்புகளும் குழாய் நீரும் வந்ததால் ஊற்றின் தேவை குறைந்தது உண்மை. ஆனால் நிலாச்சோற்றுக்கும் கபடிக்கும் வேறு இடம் உருவாகவில்லை.

வயலும் முன்போல் வெறுமையாகக் கிடப்பதில்லை. ஆழ்துளைக் கிணறு வைத்திருப்போர் கோடையிலும் நெல் நடுகின்றனர். திருக்காட்டுப்பள்ளிப் பகுதியில் வாழை பரவலாக உள்ளது. அறுவடை இயந்திரம் வந்தபின் கூலி வேலை நாட்கள் குறைந்தன. கிடை போடும் மந்தைகளும் மேய்ச்சல் நிலம் தேடி அலைய நேர்கிறது.

பல்லக்கும் தேரும் செல்லும் வழிகளும் மாறிவிட்டன. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் மட்டம் உயர்கிறது. மேலே மின்கம்பிகள் குறுக்கிடுகின்றன. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூருக்கு அருகிலுள்ள களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் மின்கம்பியில் உரசியதில் சிறுவர் உட்பட 11 பேர் உயிரிழந்தனர். சித்திரை உலா மரபின் அண்மைக் கால வரலாற்றில் மிகத் துயரமான நிகழ்ச்சி இது. அதன்பின் தேர் வழித்தடங்களையும் தேரின் உயரத்தையும் முன்கூட்டியே ஆய்வு செய்வது குறித்த வலியுறுத்தல் மிகுந்தது.

இன்றைய நிலை

தடைபட்ட சில விழாக்கள் மீண்டும் தொடங்கியுள்ளன. தஞ்சைப் பெரிய கோயில் சித்திரைத் தேர் நெடுங்கால இடைவெளிக்குப் பின் 2015 ஏப்ரலில் மீண்டும் ஓடியது. பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் 2020, 2021 கோடைகளில் நின்றுபோன ஊருலாக்கள் அதன்பின் திரும்பவும் நடைபெறுகின்றன. ஏழூர் விழாவுக்கு வெளிநாடுகளிலிருந்தும் பெருநகரங்களிலிருந்தும் ஊர்க்காரர் வருகின்றனர். காமன் பண்டிகையும் லாவணியும் சில ஊர்களோடு நின்றுவிட்டன. நல்லேர் பூட்டும் நிகழ்ச்சியில் மாட்டுடன் இழுவை இயந்திரங்களுக்கும் பொட்டு வைத்து உழுகிறார்கள்.

கோயிலைச் சார்ந்த விழாக்களுக்கு அறக்கட்டளையும் உபயதாரரும் உள்ளனர். எனவே அவை பிழைத்திருக்கின்றன. நிலாச்சோறு, ஊற்று, மணல் விளையாட்டு ஆகியவற்றுக்கு எந்த உபயதாரரும் இல்லை. அவற்றுக்குத் தேவைப்பட்டது மணலும் சில நாள் ஓய்வும் மட்டுமே. ஆகவே படுகையின் இளவேனில் மரபைப் பதிவு செய்ய முனைவோர் கோயில் ஆவணங்களோடு, முதியோரின் வாய்மொழிச் செய்திகளையும் தொகுக்க வேண்டியிருக்கிறது. எந்தத் துறையில் எத்தனை அடியில் ஊற்று கண்டது, எந்த மாதம் வரை ஊறியது என்பன போன்ற செய்திகள் ஆற்றின் வரலாற்றுக்கும் உரியவை.